கிள்ளானில் மூன்று முருகன்கள்

கோலாலம்பூரில் நான் இருந்த ஏழு நாளில் ஒரு நாள்கூட என் வயிறு சரியாக இல்லை. சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது, நல்ல சாப்பாடு. பழியெல்லாம் என் கைப்பையில் இருந்த ஆறு ஃபிளாப்பிகள் மேல்தான். நான்கு வருட உழைப்பு அதற்குள் இருந்தது. அதற்கு ஒரு நகல் எடுத்து, இன்னொரு ஆறு ஃபிளாப்பிகளைப் பட்டுப்புடவைக்குள் சுருட்டிப் பெட்டியிலும் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் கைப்பை போய் வெளியே வருகிற அரை நிமிடத்தில் நான் கூப்பிடாத சாமி இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்திரண்டு வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகமும் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகமும் கைகோத்து, மென்பொருள் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியிருந்தன. அதில் முதல் மாணவி நான். இரண்டாவது மாணவி இன்னும் வரவில்லை. நான் எப்படித் தேறுகிறேன் என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம் என்று இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் என் ஆய்வை மதிப்பிடும் குழு கூடும். அவர்கள் சரி என்றால் ஆய்வேட்டைக் கட்டி முடிக்கலாம். வேண்டாம் என்றால் பதிவு ரத்து, கூட்டுத் திட்டமும் காலி. டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் அடுத்த ஆண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் கல்லூரி முதல்வர், ஆசிரியர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

என் ஆய்வு இதுதான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பதிவுகள் விழுந்துவிடும். பெயர்களை ஒப்பிட்டு, ஒரே ஆள் என்றால் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் நிரல் ஒன்று எழுதியிருந்தேன். சென்னையில் நன்றாக ஓடியது. ஒரு ஊரில் சோதித்துத் தேறிய நிரலை இன்னொரு நாட்டில் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே ஓட்டலாம் என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. ‘மாற்றாமல்’ என்பது என் சென்னை வழிகாட்டி ராஜகோபாலன் சாருக்குப் பிடித்த சொல். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பழைய பெயர்ப் பட்டியலை, அடையாள அட்டை எண்களை மறைத்துவிட்டு, எங்களுக்குக் கொடுத்திருந்தது. காரைக்குடியிலேயே அதை ஓட்டிப் பார்த்தேன். இரட்டைப் பதிவுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தப் பட்டியலில் ஓர் அதிசயமும் இருந்தது. தமிழ் ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கு ஏ.எல். என்று இனிஷியல். முருகன் ஏஎல் சுப்ரமணியம், ராஜு ஏஎல் முனியாண்டி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வாசல் பலகையில் ஏ.எல்., எஸ்.பி., ஆர்எம். என்று செட்டியார்களின் இனிஷியல் தொங்கும். ஏ.எல். என்றால் அழகப்பன். மலாயாவுக்குச் செட்டியார்கள் போனது ஊருக்கே தெரியும். ஆகவே குழுவுக்கான ஆங்கில அறிக்கையின் இருபத்தேழாம் பக்கத்தில், கிள்ளான் தமிழர்களின் இனிஷியல்களில் செட்டிநாட்டுச் சாயல் ஆழமாகப் படிந்திருப்பதாக ஒரு பத்தி எழுதினேன். பெண்களுக்கெல்லாம் ஏ.பி. என்று வந்ததைக் கவனிக்காமல் இல்லை. அது பெண்வழிக் கிளைப் பெயராக இருக்கலாம் என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாரித்தேன். படித்தவர்களுக்கு விளக்கம் சொல்ல வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. “அறிக்கையிலேயே இதுதாம்மா நல்ல பாரா” என்றார் சார். அறிக்கை எனக்கு முன்பே கூரியரில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினேன். லோகா ஆன்டி என்ற அம்மாள் தன் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். பதிவு நோட்டில் என் பெயரை அவரே எழுதினார்: சாரதா ஏ/பி வேலாயுதம்.

“எனக்கு ஏ.பி. கிடையாது ஆன்டி. வெறும் வி. தான்” என்றேன்.

“எல்லாருக்கும் போடறதுதான்மா. இருக்கட்டும் லா” என்றார்.

என்னையும் செட்டியார் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார் போல என்று எண்ணி, பேனாவை வாங்கி ஏ/பி-யை அடித்தேன். ஆன்டி ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கீழே கூட்டிப்போய் வாழையிலை போட்டு, சோற்றின் மேல் மீன் குழம்பை ஊற்றினார். குழம்பில் புளியைவிடத் தேங்காய்ப்பால் தூக்கல். ரசம் நம் ஊர் ரசமேதான். அதைக் குடித்தபிறகு கொஞ்சம் தைரியம் வந்தது.

திங்கட்கிழமை என் கோலாலம்பூர் வழிகாட்டியைப் பார்த்தேன். டாக்டர் ரவீந்திரன். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம், வீடு பங்சாரில். வயது முப்பத்தைந்து. என் வழிகாட்டி என்னைவிட ஏழு வயது சிறியவர் என்பதை நான்கு வருடமாக மின்னஞ்சலில் கவனிக்காமலே இருந்துவிட்டேன். சார் என்று எழுந்து நின்றேன்.

“ஐயோ, சார் எல்லாம் வேண்டாம் அக்கா. ரவி எண்டே கூப்பிடுங்கோ” என்றார்.

நாக்கு வரவில்லை. டாக்டர் என்று ஒரு வழியாக ஒப்பந்தம் ஆயிற்று. அவர் ஆங்கிலத்தில்தான் அதிகம் பேசினார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. குழு எப்படி நடக்கும் என்று அவர் சொன்னதும் ரசம் கொடுத்த தைரியம் போய்விட்டது. எங்கள் ஊரில் வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, மாணவி திணறும்போது நாலு பதில் எடுத்துக் கொடுப்பார். இங்கே வழிகாட்டி அறையில் இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

“இருமலாமா?” என்று கேட்டேன்.

“இருமினாலும் குறிப்பெடுப்பினம்” என்றார். சிரிக்கவில்லை. அவருக்கும் நான்தான் முதல் முனைவர் மாணவி. அவர் கையிலிருந்த பேனாவின் மூடி முழுக்கப் பல் தடம்.

செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்குப் போய், ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவில் நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். கொம்யூட்டர் என்ற உள்ளூர் மின்சார ரயில் புதிது, பளபளவென்று இருந்தது. கதவு தானாகத் திறந்து தானாகச் சாத்திக்கொண்டது. நம் ஊர் ரயிலில் கதவருகே நிற்கிறவனிடம் வழி கேட்கலாம். இங்கே கதவருகே நிற்க யாருமில்லை. நடைமேடையில் ஓர் அம்மாளிடம் ஆங்கிலத்தில் “கிளாங்?” என்றேன். அவர் தலையாட்டினார். ஏறிக்கொண்டேன். அரை மணி நேரம் போனபிறகு, எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவரிடம் கிள்ளான் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“கிள்ளானா? இது செரம்பான் போற வண்டி. நீங்க அந்தப் பக்கம் போகணும்லா. இப்ப காஜாங் வரும், எறங்கி திரும்பிப் போங்க.”

அந்த அம்மாளின் காதில் என் கிளாங், காஜாங் என்று விழுந்திருக்க வேண்டும். ஃபிளாப்பிகளை எண்ணிப் பார்த்தேன், ஆறும் இருந்தன.

“பதறாதீங்கக்கா. காஜாங் வந்துட்டு சாத்தே சாப்பிடாம போறவங்க நீங்கதான். இன்னொரு நாளைக்கு சாயங்காலமா வாங்க” என்று, குச்சியில் கோத்துச் சுட்ட அந்த ஊர் இறைச்சியைச் சொல்லி, அவர் ஆறுதல் சொன்னார்.

அப்படி இப்படி மாறி, கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. அங்கே கடைத்தெருவில் பூக்கடையும் நகைக்கடையும் புடவைக்கடையும் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் மதுரையில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது. ஒரு கடைக்காரர் இன்னொருவரிடம், “பாசார்ல லோரி நிக்குது, சீக்கிரம் போயி சாமான எறக்கு” என்று கத்திக்கொண்டிருந்தார். நின்று வேடிக்கை பார்க்க ஆசைதான். நேரமில்லை.

பதிவேட்டுப் பிரிவில் பிரேமா என்ற பெண் எனக்காகக் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். காப்பி கொடுத்தார். ஃபிளாப்பிகளைப் போட்டு நிரலை ஓட்டினேன். பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. பிரேமா தாளைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

“அக்கா, இதுல எல்லா முருகனையும் ஒரே ஆளாப் போட்டிருக்கு.”

“ஒரே இனிஷியல் இல்லையா? ஏ.எல். முருகன். கிட்டத்தட்ட ஒரே வயது. அதனால்தான்.”

“இனிஷியலா?”

“ஏ.எல். அழகப்பன்.”

பிரேமா என் கையைப் பிடித்து, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் பக்கம் இருந்த ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “முருகன்!” என்று கூப்பிட்டார். மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

“முருகன் அனாக் லெலாக்கி சுப்ரமணியம்!” என்று மறுபடி கூப்பிட்டார். இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்றார்.

“ஒண்ணுமில்ல அங்கிள், ஒக்காருங்க, டாக்டர் இன்னும் வரல” என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அனாக் லெலாக்கின்னா மலாய்ல ஆம்பளப் புள்ள. மகன். ஏ போட்டு, ஒரு கோடு போட்டு, எல். இங்க எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. நான் பிரேமா ஏ-பி கோவிந்தசாமி. அனாக் பெரம்புவான். மகள். செட்டியாரும் இல்ல, ஒண்ணும் இல்லலா.”

அந்தக் கோடு எங்கே போயிற்று? நான்தான் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பெயர்களில் புள்ளியும் கமாவும் கண்டபடி கிடக்கும். அதனால் நிரலின் முதல் வேலையே பெயரில் எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துடைப்பதுதான். ஏ/எல் ஏஎல் ஆனது அப்படித்தான். இரண்டு எழுத்து வந்தால் இனிஷியல் என்று எழுதியிருந்தேன். கடைசியில் வரும் சொல் பிள்ளை, சேர்வை, முதலியார் என்று ஏதாவது சாதிப் பட்டமாக இருக்கும், ஒரு நேரம் எழுதுவார்கள், ஒரு நேரம் விடுவார்கள் என்று அதைத் தூக்கி எறியச் சொல்லியிருந்தேன். இங்கே கடைசியில் இருந்தது அப்பா பெயர். பிறந்த தேதியையும் நம்பாதே என்று எழுதியிருந்தேன், ஏனென்றால் எங்கள் ஊரில் அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. கிள்ளானில் இருக்கிற எல்லா முருகன்களின் அப்பாக்களையும் நான் எறிந்துவிட்டு, மிச்சமிருந்ததை ஒன்றாகக் கட்டியிருந்தேன்.

பிரேமா தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “எழுந்து நின்னாரே அந்த அங்கிள், அவருக்கு பெனிசிலின் ஒத்துக்காது. ஃபைல்ல செவப்புல எழுதி வச்சிருக்கோம். இதப் பாருங்க, இன்னொரு முருகனோட ஃபைலுக்குள்ள போயிட்டாரு.”

குழு அனுமதித்தால் அடுத்த மாதமே நிரலை அங்கே உண்மையான பதிவேட்டில் ஓட்டுவதாக இருந்தது. அந்தப் பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. அவருக்கு என்னவென்று சொல்வது?

புதன்கிழமை முழுக்கப் பயம்தான். காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில், நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, கிழித்துக் கிழித்து வைத்தேன், சாப்பிடவில்லை. அடுத்த மேசையில் இரண்டு பேர் மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். “அவரோட மச்சானுக்கு புத்தி இல்லையாம்” என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. கார்டு போன் கூண்டிலிருந்து ராஜகோபாலன் சாருக்குப் பேசினேன். முழுவதையும் கேட்டார்.

“ஒரு வரிதானேம்மா? ஏஎல், ஏபி வந்தா எடுத்துடுன்னு சேர்த்துட்டுப் போ. இருபத்தேழாம் பக்கத்தைப் புதுசா அடிச்சு மாத்திக் குடுத்துடு. அச்சுப்பிழைன்னு சொல்லு.”

“சார், நாம ‘மாற்றாமல்’ன்னு சொல்லியிருக்கோமே?”

“ஒரு வரியெல்லாம் மாத்தினதாகுமா?” என்றார். இணைப்பில் ஒரே இரைச்சல். கார்டு தீர்ந்துவிட்டது.

ரவீந்திரனிடம் போனேன். இவராவது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அந்தப் பக்கத்தை நான் வாசிக்கேல்லை அக்கா. படங்களைத்தான் பார்த்தனான். வாசிச்சிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன். என்ர பிழைதான்.” பேனாவைக் கடித்தார். “உண்மையைச் சொன்னால், பக்கத்தை மாத்திறதுதான் எனக்கும் நல்லம். இந்தத் திட்டத்தை மூட எங்கட டீன் ஒரு சாட்டுத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.”

இரண்டு நாடு, இரண்டு வழிகாட்டிகள். நான்கு வருடத்தில் ஒருவர் ஆம் என்றால் இன்னொருவர் இல்லை என்பார். நடுவில் நான் கிடந்து இடிபட்டிருக்கிறேன். முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

வியாழக்கிழமை ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஏஎல், ஏபி வந்தால் அடுத்து வருவது அப்பா பெயர், எறியாதே. ஓட்டினேன். முருகன்கள் பிரிந்தார்கள். ராஜுக்கள் பிரிந்தார்கள். தமிழ்ப் பெயர்களை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. புது இருபத்தேழாம் பக்கத்தை மூன்று பிரதி எடுத்தேன். நான்கு மணிக்கு அந்த ஊர் வழக்கப்படி மழை கொட்டியது. வாசலில் நின்றுகொண்டு, நாளைக்கு என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துப் பார்த்தேன். அச்சுப்பிழை என்ற சொல் வந்ததும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை. குழுவில் இரண்டு பேர். தலைவர், பேராசிரியர் ஃபரீடா. ஐம்பது வயதுக்கு மேல், தலையில் வெளிர் நீல முக்காடு, மேசையில் கூர்சீவிய இரண்டு பென்சில்கள். இன்னொருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த டாக்டர் வில்சன். உயரமான, கலகலப்பான மனிதர். ரவீந்திரன் மூலையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். நான் பைக்குள் கைவிட்டுப் புதுப் பக்கங்களைத் தொட்டுப் பார்த்தேன்.

எடுப்பதற்குள் வில்சன் முந்திக்கொண்டார். “தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் இருபத்தேழாம் பக்கம் அருமை. இனிஷியலை வைத்து ஒரு சமூகம் எங்கிருந்து கடல்கடந்து வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். இதற்குத்தான் கூட்டு ஆய்வு வேண்டும் என்கிறோம். உள்ளூர் அறிவு என்றால் இதுதான்.”

ஃபரீடா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏ/எல் என்பது அவருடைய மொழி. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எப்போதோ படித்துவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருக்கிறார். ரவீந்திரனைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றி என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். அச்சுப்பிழை என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

“அந்தப் பக்கம் முழுக்கத் தவறு” என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. “அது இனிஷியல் இல்லை. மகன் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை வரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பிரேமா என்பவர் சொன்னார்.” மூன்று முருகன்களையும் பெனிசிலினையும் சொன்னேன். கொண்டுவந்திருந்த மாற்றுப் பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

வில்சனின் காது சிவந்தது. பாராட்டியவர் அவரல்லவா? “ஓ” என்று மட்டும் சொன்னார்.

“ஆனால் சரிசெய்துவிட்டேன்” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். “ஒரே ஒரு வரி. நேற்று ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.”

ஃபரீடா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “என் பெயர் ஃபரீடா பிந்தி இஸ்மாயில். பிந்தி என்றால் எங்களில் மகள். நேற்றைய திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் நிரல் என்னை என்ன செய்யும்?”

மனதுக்குள் ஓட்டினேன். மூன்று சொல். இரண்டெழுத்துச் சொல் இல்லை. ஏஎல், ஏபி இல்லை. கடைசிச் சொல் பட்டம், எறி.

“உங்கள் அப்பாவை எறிந்துவிடும்” என்றேன். “எல்லா ஃபரீடாவையும் ஒன்றாக்கிவிடும்.”

“நேற்றுச் சுத்தமாக இருந்தது என்றீர்களே?”

“தமிழ்ப் பெயர்களை மட்டும்தான் பார்த்தேன்.”

எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பட்டியலில் மலாய்க்காரர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள், சீனர்கள் இருந்தார்கள். எத்தனையோ முறை அந்தப் பெயர்கள் என் கண்முன் ஓடின. நான் எனக்குத் தெரிந்த முருகன்களைத் தவிர ஒருவரையும் படிக்கவில்லை. ‘தான் ஆஹ் கோவ்’ என்ற சீனரின் ஆஹ், ஆங்கிலத்தில் இரண்டெழுத்து என்பதால், என் நிரலுக்கு ஓர் இனிஷியல்.

வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். ரவீந்திரனும் வெளியே வந்தார். பேச அனுமதி கிடைத்தும் அவர் பேசவில்லை. மெஷினில் இரண்டு காகிதக் குவளையில் தேநீர் பிடித்து வந்தார். “மன்னிச்சிடுங்க டாக்டர், உங்க திட்டத்தையும் சேத்துக் கவுத்துட்டேன்” என்றேன்.

“நான் வாசிச்சிருக்கவேணும் அக்கா” என்றார் மறுபடி.

முடிவு ஒரு தாளில் இருந்தது. பதிவு ரத்து இல்லை. இன்னும் ஓர் ஆண்டு அவகாசம், அதில் பாதி இங்கே. ‘மாற்றாமல்’ என்ற கூற்று தவறு என்று ஏட்டிலிருந்து விலக்கப்பட வேண்டும். எங்கே, ஏன் உடைந்தது என்பதே இனி ஆய்வு. கூட்டுத் திட்டம் என்பதால் இரண்டு வழிகாட்டிகளும் இதற்குக் கையெழுத்திட வேண்டும். ஃபரீடா திங்கள் முதல் நீண்ட விடுப்பில் போகிறார். சனிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள், பன்னிரண்டே முக்காலுக்குள், தாள் வந்துசேரவில்லை என்றால் பதிவு காலாவதி ஆகிவிடும். ரவீந்திரன் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

சென்னைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பிந்தி என்றால் மகள் என்பதையும் சொன்னேன். கார்டில் நிமிடம் குறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“‘மாற்றாமல்’ங்கிறதையே எடுக்கணுமா?”

“ஆமா சார்.”

“நீ சேர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி நான் எழுதின வார்த்தைம்மா அது. அதுல ரெண்டு பேருக்குப் பட்டம் வாங்கிக் குடுத்திருக்கேன்.” ஒரு முறை செருமிக்கொண்டார். “தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பு. பாக்கறேன்.” வைத்துவிட்டார்.

தாளை அன்றே ஃபேக்ஸில் அனுப்பிவிட்டேன். ஆனால் பாக்கறேன் என்று சார் சொன்னால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கட்டி, ரவீந்திரனின் காரில் போட்டுவிட்டு, பல்கலைக்கழக அலுவலகத்து ஃபேக்ஸ் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே மணி பதினொன்று என்றால் சென்னையில் எட்டரை. பூத் திறந்திருக்குமா? சார் குளித்திருப்பாரா? அலுவலகப் பெண் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு மெஷின் முனகியது. யாருக்கோ வந்த விளம்பரம். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டே கால். அந்தப் பெண் மேசை இழுப்பறைகளைப் பூட்டத் தொடங்கினாள். ரவீந்திரன் பேனா மூடியை இரண்டாகக் கடித்துவிட்டார்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மறுபடி முனகல். தாள் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குழுவின் தலைப்பு. என் பெயர். முடிவின் வாசகம். ‘தவறு: மாணவியுடையது’ என்று தட்டச்சு செய்திருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. இன்னும் இரண்டு அங்குலம் வந்தது. அடித்ததற்குப் பக்கத்தில் சாருடைய சாய்ந்த ஆங்கில எழுத்து: ‘மாணவி, வழிகாட்டி இருவருடையது. அந்தப் பத்தியைப் பாராட்டியவன் நான்.’ அதற்குக் கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, நான்கு வருடத்தில் எனக்கு அவர் எழுதிய முதல் தமிழ் வரி: ‘பிந்தியாவது தெரிந்துகொண்டோமே.’

அழுதுவிட்டேன். அலுவலகப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ரவீந்திரன் தாளைப் பிடுங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“கையெழுத்து இருக்கு! கீழ என்ன அக்கா எழுதியிருக்கிறார்? கோபமோ?”

“இல்லை டாக்டர்” என்றேன். தாளைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் காரில் ஏறினோம். அந்த வரியைப் படித்துக் காட்டி, மலாயில் பிந்தி என்றால் மகள், தமிழில் பிந்தி என்றால் தாமதமாக, சார் இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்று அவருக்கு விளக்கி, அவர் புரிந்துகொண்டு, ஸ்டியரிங்கில் தட்டிச் சிரிப்பதற்குள் சுபாங் விமான நிலையம் வந்துவிட்டது.